சுவருக்குள் புதைந்துபோன பிளக் பாக்ஸ்: சிலிகான் வைத்து ஒட்டலாமா?

செப்டம்பர் 28 (வாசகர் கேள்வி)

தேவகோட்டையில் ஐயா காலத்து வீடு. அடுப்படியைப் புதுப்பித்தோம். பழைய பூச்சின் மேல் மறுபூச்சு, அதன் மேல் டைல்ஸ். இப்போது ஏழு பிளக் பாயிண்டுகளிலும் மெட்டல் பாக்ஸ் டைல்ஸ் முகத்திலிருந்து அரை அங்குலத்துக்கும் மேல் உள்ளே போய்விட்டது. மாடுலர் பிளேட்டோடு வந்த திருகு எட்டவில்லை. பிளேட்டைச் சுற்றி சிலிகான் வைத்து டைல்ஸில் ஒட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது என்கிறார் வேலை பார்ப்பவர். வளவை ஒட்டிய அறை ஒன்றில் சுவருக்குத் தேக்குப் பலகை அடித்திருக்கிறோம். அங்கும் இதே நிலைதான். ஒட்டலாமா?

செப்டம்பர் 28, இரவு

ஒட்டக் கூடாது.

பிளக்கைச் செருகும்போது சுவரை நோக்கித் தள்ளுகிறோம், பிடுங்கும்போது நம் பக்கம் இழுக்கிறோம். 16 ஆம்பியர் பிளக் இறுகிப்போயிருந்தால் ஒரு கையால் பிளேட்டை அழுத்திக்கொண்டு மறு கையால் பிடுங்க வேண்டியிருக்கும். இந்தத் தள்ளலையும் இழுப்பையும் தாங்க வேண்டியது சுவரில் பதிந்திருக்கும் பெட்டி. அது தாங்குவதற்குத்தான் திருகு. சிலிகான் பிளேட்டின் ஓரத்தை மட்டும் டைல்ஸோடு பிடித்துவைக்கும், நடுவில் இருக்கும் சாக்கெட்டைப் பிடிக்காது. சாக்கெட் ஆட ஆட அதன் பின்னால் வயரை இறுக்கியிருக்கும் திருகு தளரும். தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். ஒருநாள் பிளாஸ்டிக் கருகிய வாடை வரும்போதுதான் தெரியும்.

கண்டனூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்ததைச் சொல்கிறேன். மிக்ஸி பாயிண்டின் பெட்டி சுமார் 15 மி.மீ. உள்ளே இருந்தது. வேலை எடுத்தவர் ஒரு பக்கத் திருகை மட்டும் எப்படியோ பிடிக்கவைத்துவிட்டு, மறுபக்கம் வெள்ளை சிமெண்டைப் பூசி மூடிவிட்டார். நான்கு மாதம் சரியாக இருந்தது. ஒரு காலை ஆத்தா மிக்ஸி பிளக்கைப் பிடுங்க, பிளக்கோடு பிளேட், சாக்கெட், இரண்டு வயர் எல்லாம் கையோடு வந்துவிட்டன. ஃபேஸ் வயர் அறுந்து மெட்டல் பாக்ஸில் பட்டது. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டதால் ஆத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆர்.சி.சி.பி. மாட்டி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

செப்டம்பர் 29

முதல் வேலை அளப்பது. மெயினை நிறுத்திவிட்டு, துவாரத்தின் குறுக்கே ஒரு மர ஸ்கேலை டைல்ஸில் படிய வையுங்கள். தென்னை ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து, ஸ்கேலிலிருந்து பெட்டியின் விளிம்பு வரை விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் தனித்தனியாக.

நான்கும் ஒரே அளவாக வராது. எங்கள் வீட்டில் ஒரே பெட்டியில் 9, 11, 14, 16 என்று வந்தது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் எங்கேயாவது வயிறு தள்ளியிருக்கும். அதை டைல்ஸ்காரர் பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டியிருப்பார். பெட்டியோ பழைய சுவரின் சாய்விலேயே நிற்கும்.

அளவை ஒரு தாளில் எழுதி, அந்தந்த பாயிண்டின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஏழு பாயிண்ட் என்றால் மனதில் நிற்காது.

செப்டம்பர் 29, மாலை

அப்புறம் திருகு. பழைய திருகைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் அதே மரை உள்ள நீளத் திருகாகக் கேளுங்கள். நீளம் மட்டும் சொல்லி வாங்கினால், மரை வேறாக இருந்து, பெட்டியின் காதில் (திருகு ஏறும் தகர நாக்கில்) உள்ள மரையை அறுத்துவிடும். பெட்டி 15 மி.மீ. உள்ளே என்றால், வழக்கமான 25 மி.மீ. திருகுக்குப் பதில் 40 மி.மீ. போதும். இருக்கிறதே என்று 75 மி.மீ. திருகை முடுக்கினால், முனை உள்ளே மடித்து வைத்த வயரில் குத்தும். நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன்னால் திருகில் ஒரு நட்டை ஏற்றிவிடுங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்த பிறகு அந்த நட்டைக் கழற்றினால், முனையில் நசுங்கிய மரையை அதுவே சீராக்கிவிடும்.

திருகின் மேல் ஒரு குழாய்த் துண்டைக் கோர்க்க வேண்டும். அந்தத் துண்டின் நீளம்தான் நீங்கள் ஈர்க்குச்சியால் பிடித்த அளவு. பெட்டியின் காதுக்கும், மேல் பிளேட்டுக்கு அடியில் ஸ்விட்சுகளைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே அது முட்டுக்கொடுத்து நிற்கும். திருகை எவ்வளவு முடுக்கினாலும் சட்டம் உள்ளே வளையாது. நான் முதலில் காலியான பால்பாயிண்ட் பேனாவின் உடலை அறுத்து உபயோகித்தேன். அளவும் பொருத்தமாக இருந்தது.

அக்டோபர் 2

பேனா வேண்டாம். நேற்று இரண்டு பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்று நீளவாக்கில் விரிந்திருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் கடினமானது, முடுக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடும். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போடும் கால் அங்குல வெள்ளைக் குழாய் இருக்கிறதே, அது நன்றாக இருக்கிறது. திருகு தாராளமாக நுழைகிறது, அழுத்தினால் உடையவில்லை. கத்தியால் நேராக வெட்டலாம். ஒரு மீட்டர் வாங்கினால் வீடு முழுவதற்கும் போதும்.

இன்னொரு திருத்தம். பெட்டியின் விளிம்புக்கு அளக்கச் சொன்னேன். தவறு. திருகு போய் மாட்டும் காது, விளிம்பைவிட ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே இருக்கிறது. ஈர்க்குச்சியைக் காதின் மேல் விட்டு அளக்க வேண்டும். மூலைக்கு எடுத்த நான்கு அளவும் பெட்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும், குழாய்த் துண்டை வெட்டக் காதின் அளவுதான் கணக்கு.

அக்டோபர் 2, இரவு

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மெயினை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயின் போன அடுத்த நொடியே அது எடுத்துக்கொள்ளும். அடுப்படியில் ஒரே பெட்டிக்குள் மிக்ஸிக்கு இ.பி. லைனும், பக்கத்து ஸ்விட்சில் விளக்குக்கு இன்வெர்ட்டர் லைனும் வருவது இங்கே சாதாரணம். இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளியேறும் லைனையும் துண்டித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் டெஸ்டரை உயிருள்ள ஒரு பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்திய பிறகு வேலை செய்யும் பெட்டியில் வையுங்கள். எரியாத டெஸ்டர் கெட்டுப்போன டெஸ்டராகவும் இருக்கலாம்.

வயர் இணைப்பில் கைவைக்கும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. அளப்பதையும், திருகும் குழாயும் வாங்கித் தயாராக வைப்பதையும் நாம் செய்யலாம். பக்கத்தில் நின்று பார்க்கவும் செய்யலாம். நின்று பாருங்கள்.

அக்டோபர் 5

ஒருவர் கேட்டிருக்கிறார்: நீளத் திருகு மட்டும் போட்டால் போதாதா, குழாய் எதற்கு?

சில இடத்தில் போதும். மாடுலர் பிளேட்டின் சட்டம் பெட்டியைவிடச் சற்று அகலம். டைல்ஸில் வெட்டிய துவாரம் பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தால், சட்டத்தின் நான்கு ஓரமும் டைல்ஸில் உட்காரும். அப்போது திருகு இழுத்துப் பிடித்தாலே பிளேட் அசையாது. அளவாக முடுக்கினால் குழாய் இல்லாமலும் நிற்கும்.

ஆனால் அப்படிக் கச்சிதமாக வெட்டிய துவாரத்தை நான் பார்த்தது குறைவு. கட்டிங் மெஷினால் வெட்டும்போது மூலையில் கோடு தாண்டிவிடும், டைல்ஸ் ஓரம் சிதறிவிடும். ஒரு பக்கம் சட்டத்துக்கு அடியில் ஒன்றுமே இருக்காது. அங்கே திருகை முடுக்கினால் சட்டம் பள்ளமாக வளையும். மேல் பிளேட் ஒட்டாமல் துள்ளிக்கொண்டு நிற்கும், ஸ்விட்சை அழுத்தினால் பாதியில் சிக்கும். சட்டம் வளைந்ததுதான் காரணம் என்று தெரியாமல் கம்பெனி மோசம் என்று ஸ்விட்சைத் திட்டுவார்கள். குழாய்த் துண்டு போட்டால் துவாரம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

அக்டோபர் 6

வயர் நீளம். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சாண் வயராவது வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டை முன்னால் கொண்டுவரும்போது வயர் விறைத்து நிற்கும், சாக்கெட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். குட்டையாக இருந்தால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், கனெக்டர் போடுங்கள். 1970களில் அலுமினிய வயர் இழுத்த வீடாக இருந்தால் இன்னும் கவனம். அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கினால் ஈரம் பட்ட இடத்தில் அரித்து, இணைப்பு தளர்ந்து சூடாகும். அந்த லைனை முழுசாக மாற்றிவிடுவதுதான் சரி.

அக்டோபர் 11

தேக்குப் பலகை அறை. முதல் நாளே இதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாமல் விட்டேன். குழாய்த் துண்டு உபாயம் டைல்ஸ் சுவருக்கும் பூச்சுச் சுவருக்கும் மட்டும். பலகைக்கு அது போதாது.

காரணம் இது. பெட்டி என்பது வயரை வைக்க ஓர் இடம் மட்டும் அல்ல. உள்ளே ஒரு தீப்பொறி வந்தால் அதை வெளியே விடாமல் அடைத்து வைக்கிற கூடும் அதுதான். டைல்ஸ் சுவரில் பெட்டிக்கும் முகத்துக்கும் நடுவே தெரிவது சிமெண்டும் டைல்ஸும். பொறி பட்டாலும் எரியாது. பலகை அறையில் அந்த இடைவெளியில் தெரிவது வெட்டிய மரத்தின் ஓரம். பலகைக்குப் பின்னால் ரீப்பர் அடித்த காற்று இடைவெளி வேறு. தூசியும் ஒட்டடையும் அங்கேதான் சேரும்.

என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே சுவர்களே ஜிப்சம் பலகையும் மரச்சட்டமும் என்பதால் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பில் 314.20 என்ற பிரிவு. எரியாத பொருளால் ஆன சுவரில் பெட்டி முகத்திலிருந்து 6 மி.மீ. வரை உள்ளே இருக்கலாம். மரம் போன்ற எரியும் பரப்பு என்றால் பெட்டி முகத்தோடு சமமாகவோ வெளியே நீட்டிக்கொண்டோதான் இருக்க வேண்டும். அதற்கென்றே வளையங்கள் கடையில் தொங்கும், வாங்கிச் செருகினால் முடிந்தது. அவர்களுடைய மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. சாக்கெட்டும் வேறு, பெட்டியும் வேறு. வளையத்தை அங்கிருந்து வாங்கி வரச் சொல்லிப் பயனில்லை, நம் பெட்டிக்குப் பொருந்தாது. அந்த விதியின் நியாயத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே நாங்கள் செய்தது: அதே அளவில் இன்னொரு மெட்டல் பாக்ஸ் வாங்கி, கிரில் பட்டறையில் கொடுத்து அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, நான்கு பக்கச் சட்டமாக மாற்றினோம். சட்டத்தின் உயரம், பழைய பெட்டி விளிம்பிலிருந்து பலகையின் முகம் வரை. இதைப் பழைய பெட்டியின் மேல் வைத்து, நீளத் திருகால் பிளேட்டோடு சேர்த்துப் பின் காதில் முடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எங்களுக்கு அரை நாள் போனது அதில்தான். முன் சட்டத்தின் காதிலும் மரை இருக்கும். இரண்டு மரைகளிலும் ஒரே திருகை ஓட்டினால் அவை ஒத்துப்போகாது, சட்டம் பின் பெட்டியோடு நெருங்காமல் அப்படியே நிற்கும். முன் காதின் மரையைச் சற்றுப் பெரிய டிரில்லால் துளைத்து எடுத்துவிடுங்கள். பிறகு திருகு அங்கே வழுக்கிக்கொண்டு போய்ப் பின் காதில் மட்டும் பிடிக்கும்.

முன் சட்டமும் உலோகம் என்பதால் அதற்கும் எர்த் வயர் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அறுத்த ஓரத்தை அரம் போட்டு மழுக்குங்கள், வயரின் தோலைச் சீவிவிடும்.

அக்டோபர் 12

அந்த அறையைப் பற்றி எழுதியதும் பழைய ஞாபகம் வந்தது. அப்பச்சி காலத்தில் எங்கள் வீட்டில் எதுவும் சுவருக்குள் இல்லை. பட்டாலை முழுவதும் தேக்குப் பட்டியல் (ஒல்லியான மரச்சட்டம்) அடித்து, அதன் மேல் வயரைக் கிளிப்பால் வரிசையாகப் பிடித்திருப்பார்கள். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் கடைந்தெடுத்த மர வட்டம், அதன் மேல் பீங்கான் அடியும் பித்தளை மூடியும். தீபாவளிக்கு முன்னால் அந்த மூடிகளைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வேலை, பேரன் பேத்தி எல்லோரும் வரிசையில் உட்காருவோம். அப்பத்தா கடைசியில் ஒவ்வொன்றையும் முகம் தெரிகிறதா என்று பார்த்து வாங்கி வைப்பார்.

பாதுகாப்பில் இன்றைய வயரிங்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பருத்தி சுற்றிய ரப்பர் வயர் தொட்டால் உதிர்ந்தது, எர்த் என்பதே கிடையாது. ஆனால் சுவரை அறுக்காமல் வேலை முடித்த அந்த முறையில் ஒரு மரியாதை இருந்தது. நூறு வருஷத்துப் பூச்சில் ஒரு கீறல்கூட விழாமல் மின்சாரம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அக்டோபர் 19

இன்னொருவர் எழுதுகிறார்: அடுப்படியில் இல்லை, முகப்பிலேயே பாக்ஸ் உள்ளே இருக்கிறது. உளி வைத்துச் சுற்றிலும் கொத்தி, பெட்டியை முன்னால் இழுத்து மறுபடி பதிக்கலாமா?

முகப்புச் சுவரில் பழைய வெள்ளைக்கருப் பூச்சு இருந்தால் உளி வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணல் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பு அது. கை வைத்தால் சித்திரையிலும் குளுமையாக இருக்கும். அதில் ஓர் அங்குலம் உடைந்தால் அதே முகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கைகள் இன்று மிகக் குறைவு. உளி ஓர் இடத்தில் விழுந்தால் அதிர்ச்சி அந்த இடத்தோடு நிற்காது. அடுக்கு அடுக்காக இருப்பதால் ஒரு முழம் தள்ளிக்கூடப் பொருமிக்கொண்டு வரும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டப் டப் என்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்த மாதிரிச் சுவரில் எனக்குத் தெரிந்த வழி இரண்டு. 20 மி.மீ. வரை உள்ளே இருந்தால் முதலில் சொன்ன நீளத் திருகும் குழாயும். அதற்கும் மேல் போனால், உள்ளே இருக்கும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் அதே அளவு ஓப்பன் பாக்ஸ் ஒன்றைச் சுவருக்கு வெளியே மாட்டிவிடுங்கள். அடிப்பாகத்தில் துவாரம் போட்டு, புஷ் (வயர் உராயாமல் காக்கும் வளையம்) வைத்து வயரை வெளியே எடுத்துக்கொள்ளலாம். முடிந்தவரை உள்பெட்டியின் காதிலேயே திருகுங்கள், சுவரில் புதுத் துளை வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளையிட வேண்டும். வெளியே ஒரு அங்குலம் துருத்திக்கொண்டு இருக்கும்தான். பார்க்க அழகில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஓப்பன் பாக்ஸை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், உடைந்த பூச்சைத் திருப்பி ஒட்ட முடியாது.

நவம்பர் 8

மழை பிடித்துவிட்டது. ஐந்து நாளாக விடவில்லை, முற்றத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் ஒன்றைப் பார்க்க முடிந்தது.

இரண்டாங்கட்டில் ஒரு பெட்டியைச் சுற்றி இருந்த இடைவெளியைப் போன கோடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து நிரப்பியிருந்தேன். சீக்கிரம் இறுகும், அன்றைக்கே பிளேட் மாட்டிவிடலாம் என்ற ஆசைதான். சுவரின் அடியிலிருந்து ஓதம் ஏறி, இப்போது அது ஊறிப்போய், விரலால் தள்ளினால் கட்டியாக விழுகிறது. உள்ளே திருகு, பெட்டியின் விளிம்பு எல்லாம் துரு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகினால் ஜிப்சம்தான், ஈரமான ஜிப்சம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பக்கத்தில் சிமெண்ட் வைத்து அடைத்த பெட்டியைப் பார்த்தேன், சிமெண்ட் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றிப் பழைய சுண்ணாம்பு உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. சுவருக்குள் ஏறிய ஈரம் சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டு வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைப்பதால், ஓரத்தில் வந்து நின்று அங்கே உப்பைத் தள்ளுகிறது.

பழைய சுவரில் பெட்டியைச் சுற்றி அடைக்கச் சுண்ணாம்பும் மணலும்தான். ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று கொத்தனார் கலந்து தந்தார். பெட்டிக்கு வெளியே, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே மட்டும் கரணை முனையால் திணிக்க வேண்டும். ஆற மூன்று வாரம் ஆகும், அவசரப்பட முடியாது. அதுவரை மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கியே வைத்திருங்கள். புதிதாகக் கட்டிய சிமெண்ட் சுவருக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே சிமெண்ட் கலவை தாராளமாக வைக்கலாம்.

திருகு துரு பிடிக்கிறது என்றால் எவர்சில்வர் திருகு கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் 9

பல்லி. இதைச் சொல்ல மறந்தே போனேன். பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவே அரிசி நுழையும் அளவு சந்து இருந்தாலும் பல்லிக் குஞ்சு உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்குள் நான்கு முட்டை இருந்தது. எறும்பு இன்னும் மோசம், மண்ணை இழுத்துக்கொண்டு வரும். நியூட்ரலுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த எறும்புகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சந்து அடைபட வேண்டும்.

நவம்பர் 23

கேள்வி கேட்டவர் ஒரு நல்ல சந்தேகம் எழுப்பியிருக்கிறார். ஏழு பெட்டியும் ஒன்றுபோல உள்ளே போனதே, யார் செய்த தவறு? எலக்ட்ரீஷியன் கொத்தனாரைச் சொல்கிறார், கொத்தனார் டைல்ஸ்காரரைச் சொல்கிறார்.

மூவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். எலக்ட்ரீஷியன் காடி எடுத்துப் பெட்டி வைக்கும்போது முன்னால் இருப்பது வெறும் செங்கல். பூச்சு 12 மி.மீ. வரும் என்று ஒரு கணக்கில் அந்த அளவு முன்தள்ளி வைப்பார். கோணல் சுவராக இருந்தால் ஓர் இடத்தில் பூச்சு 20 மி.மீ. போகும். அப்புறம் வீட்டுக்காரர் மனம் மாறி டைல்ஸ் போடச் சொல்வார். டைல்ஸ் 8 மி.மீ., பசை 4 மி.மீ., அங்கேயே உங்கள் அரை அங்குலம் வந்துவிட்டது. டைல்ஸ் போடுவதை முதலிலேயே சொல்லாமல் விட்டது வீட்டுக்காரர் பக்கம். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

இனி செய்பவர்களுக்கு: பூசுவதற்கு முன்னால் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து, பூச்சு எந்த மட்டத்துக்கு வரும் என்று சுவரில் அங்கங்கே புள்ளி வைப்பார். எங்கள் பக்கம் புள்ளி என்றால் கோயிலில் வரி எழுதும் குடும்பக் கணக்கு, கொத்தனாருக்கோ பூச்சின் கணக்கு. இரண்டிலும் ஒரு புள்ளி விட்டுப்போனால் சண்டை வரும். அந்தப் புள்ளி வைத்த பிறகு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள், முன்னால் அல்ல. இரண்டு புள்ளிகளின் மேல் மட்டக்கோலை வைத்து, பெட்டியின் விளிம்பு கோலைத் தொடுகிற மாதிரி நிறுத்த வேண்டும். டைல்ஸ் வரும் சுவர் என்றால் டைல்ஸ், பசை இரண்டின் தடிமனுக்கு ஒரு மரத்துண்டைப் புள்ளியின் மேல் வைத்துவிட்டு அதன் மேல் கோல். பூசும் முன்னால் பெட்டிக்குள் சிமெண்டுச் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டால் கலவை காதின் மரையில் ஏறாது.

டிசம்பர் 14

எர்த் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மெட்டல் பாக்ஸுக்குள் எர்த் திருகு ஒன்று தனியாக இருக்கும், பச்சை வயர் அதில் மாட்டியிருக்கிறதா என்று பிளேட் கழற்றும்போதே பாருங்கள். எங்கள் வீட்டில் பதினொரு பெட்டியில் நான்கில் மாட்டவே இல்லை, வயரைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தார்கள். சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் இருந்தது, பெட்டிக்கு இல்லை. ஆத்தா விஷயத்தில் பெட்டிக்கு எர்த் இருந்ததால்தான் வயர் பட்ட அந்த நொடியே ஆர்.சி.சி.பி. விழுந்தது.

நம் மண் செம்மண்ணும் சரளையும். கோடையில் எர்த் குழி வறண்டு போனால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். பங்குனி, சித்திரையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் உடையதாக இருக்கட்டும், அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

ஜனவரி 24

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போயிருந்தேன். கேள்வி கேட்ட தேவகோட்டைக்காரரைக் கோயில் வாசலில் பார்த்தேன். பொங்கல் பானை வரிசைக்கு நடுவே நின்றுகொண்டு பிளக் பாக்ஸ் பேசினோம், கூட வந்த ஆச்சிமார் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுப்படி முடிந்துவிட்டது. ஏழில் ஐந்துக்கு நீளத் திருகும் குழாயும். ஒன்றில் காது உடைந்திருந்ததால் பெட்டியையே மாற்றினார்கள். இன்னொன்றில் டைல்ஸ் துவாரம் பிளேட்டைவிடப் பெரிது, அதற்கு ஒரு அளவு பெரிய பிளேட்டும் பெட்டியும் போட்டு மூடியிருக்கிறார்கள். நான் யோசிக்காத வழி அது, நல்ல வழி.

பலகை அறைதான் பாக்கி. பட்டறையில் சட்டம் அறுத்து வாங்கிவிட்டாராம், முன் காதின் மரையை எடுக்கவில்லை. திருகு போகவில்லை, பலகையைக் கொஞ்சம் செதுக்கலாமா என்று கேட்டார். செதுக்க வேண்டாம், அக்டோபர் 11 அன்று எழுதியதை வேலை பார்க்கும் தம்பியிடம் காட்டுங்கள் என்றேன். 5 மி.மீ. டிரில் பிட் போதும். காதை மரத்துண்டின் மேல் வைத்துத் துளையுங்கள், வெறும் கையில் பிடித்தால் பிட் சிக்கும்போது தகரம் சுழன்று விரலை வெட்டும்.

பிப்ரவரி 2

படம் வந்தது. சட்டம் பலகை முகத்தோடு சமமாக நிற்கிறது. எர்த் வயர் இடது காதுக்குக் கீழே இருப்பதும் தெரிகிறது. வலது கீழ் மூலையில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. சந்து இருக்கிறது, 3 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். அங்கே ஒரு தேக்குச் சீவலைப் பசை வைத்துச் சொருகிவிட்டு மேல் பிளேட்டை மாட்டுங்கள்.